ஆபீசர் வாங்கிய மார்க்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிற இடத்தில் ஒருத்தியாவது முறைத்துக்கொண்டு நிற்க வேண்டாமா? ஆனால் நான் சொல்லப் போகிற நாளில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு துரும்பைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பகல் பராமரிப்பு நிலையத்தில். சென்டர் என்போம். பிறந்ததிலிருந்தே புத்தி வளராதவர்கள், விபத்தில் பேச்சையும் ஞாபகத்தையும் தொலைத்தவர்கள், எல்லோரும் வளர்ந்த ஆட்கள், காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் வேனிலேயே திரும்பிப் போவார்கள். இடையில் குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, சட்டைப் பொத்தான் போடப் பழக்குவது, ஒருவரை ஒருவர் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் எங்கள் வேலை.

என் தம்பியும் அங்கேதான் வருகிறான். முப்பது தாண்டிவிட்டது, மனசுக்கு ஏழோ எட்டோ. சட்டைப் பையில் இரண்டு பேனா இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டான். சென்டரை ‘ஆபீஸ்’ என்பான். அதனால் அவனுக்கு ஆபீசர் என்றே பேராகிவிட்டது. வேன் ஓட்டுகிற அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏறுங்க ஆபீசர், லேட்டாகுது” என்று சொன்னால்தான் காலைத் தூக்கி வைப்பான். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்பான், மழை பெய்தாலும்.

ஆபீசில் அவனுக்கு உத்தியோகம் உண்டு. துவைத்து வருகிற துண்டுகளை மடித்து அடுக்குவது. நான்காக மடிப்பான். ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் உதறிவிட்டு மறுபடி. அந்த அடுக்கை யாராவது கலைத்துவிட்டால் அன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம்தான். தன் மண்டையிலேயே குத்திக்கொள்வான். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் அடங்க மாட்டான். அரை மணி கழித்து, “ஆபீசர் கோவப்பட்டுட்டார்” என்று அவனே வந்து சொல்லுவான், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டால் அப்புறம் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்கள் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது நம் விரல் துடிக்கும், போடக் கூடாது. “நீங்களே போடுங்க” என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். என் தம்பி முதல் பொத்தானைத் தானே போட்ட அன்று நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அப்படிப் பழகிப் பழகி எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது “நானே” தான். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் பொறுப்பாளர் மேடம் சுவரில் படம் காட்டினார். ‘சேவைத் துறை: சவால்களும் எதிர்காலமும்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே ஒரு மனிதர் சன்னலோரம் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அந்த ஆள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

மேடம் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லை. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஆளும் முதுகு பிடித்துக்கொண்டவுடன் கடை வேலைக்கு ஓடிவிடுகிறது. இடம் கேட்டுக் காத்திருக்கிற குடும்பங்களோ ஏராளம். எங்களுக்கு மேலே இருக்கிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்களாம்.

“இனிமே எல்லாரையும் வீட்டுக்கே வந்து மதிப்பீடு பண்ணுவாங்க. யார் யார் தானா என்னென்ன செஞ்சுக்க முடியும்னு பார்த்து மார்க் போடுவாங்க. நிறைய மார்க் வாங்கினவங்க வீட்டுலயே சுதந்திரமா இருக்கலாம். சுவர்ல ஒரு கருவி மாட்டிடுவாங்க. அது காலையிலயும் சாயங்காலமும் கூப்பிட்டு விசாரிக்கும். நடுவுல இருக்கிறவங்களுக்கு சென்டர்.”

“மார்க்கே வாங்காதவங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அவங்களுக்கு விடுதி. முழுநேரப் பராமரிப்பு.”

அந்த விடுதி எதுவென்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டி, மதில் வைத்த கட்டடம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “மேடம், நாங்க உயிரைக் குடுத்து பொத்தான் போடக் கத்துக்குடுக்கிறோம். பொத்தான் போட்டுட்டா அவனுக்கு சென்டர்ல இடம் கிடையாதா?”

“அப்படிப் பாக்கக் கூடாதும்மா. அது அவங்க வளர்ச்சி.”

“நல்லா வளர்ந்ததைப் பார்த்துப் புடுங்குவீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைப் போட்டார்.

முதலில் போனவர் பாட்டுக்காரர். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், தலையில் அடிபட்டபின் பேச்சு போய்விட்டது. ஆனால் பாட்டு மட்டும் வரும். வேனில் ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் பாடுவார். தானே குளிப்பார், தானே சாப்பிடுவார். நிறைய மார்க். அவர் வீட்டுச் சுவரில் கருவியை மாட்டிவிட்டார்கள். வேன் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். முதல் நாட்களில் கம்பிச் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டுவார். உள்ளிருந்து பாட்டுக் கேட்கும். அப்புறம் கையாட்டுவது மட்டும். அப்புறம் ஒருநாள் சன்னலில் கெட்டியாக ஒரு திரை தொங்கியது. வேன் அண்ணன் ஆரன் அடித்துப் பார்த்தார். திரை அசையவில்லை. அவருடைய மைத்துனரைக் கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன்.

“நல்லா இருக்காருங்க. ரொம்ப அமைதி ஆயிட்டாரு. பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறோம், ஒரு தொந்தரவு கிடையாது.”

அந்த ஆள் அமைதியான ஆளே இல்லை.

அதற்குப் பிறகு வேனில் ஒவ்வொரு இருக்கையாகக் காலியானது. நானும் சும்மா இருக்கவில்லை. குடும்பங்களைத் தனியாக ஓரங்கட்டி ரகசியமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். “மார்க் போட வர்ற அன்னிக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்காதீங்க. நல்ல சட்டை போட்டுவிடாதீங்க. அவங்களுக்கு ரொம்ப மோசமான நாள் எதுவோ, அதைச் சொல்லுங்க. ஆனா அளவோட சொல்லுங்க. ரொம்ப அழுதீங்கன்னா விடுதிக்கு அள்ளிட்டுப் போயிடுவாங்க.” தையல்காரி ஒருத்தியின் மகள் அப்படித்தான் தப்பித்தாள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அன்றைக்கு அவள் போட்ட ஆர்ப்பாட்டத்தில் சென்டர் இடம் நிலைத்துவிட்டது. தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஊருக்கெல்லாம் வழி சொன்னேன். நம் வீட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தெம்பு.

இதற்கு நடுவில்தான் அம்மா விழுந்தாள்.

ஒரு விடுமுறை நாள். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் தீய்ந்த நாற்றம். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பாத்திரம் கருகி அடி வெடித்திருக்கிறது. அம்மா தரையில் கிடக்கிறாள். அவள் தலைக்கு அடியில் நான்காக மடித்த துண்டு. பக்கத்தில் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு.

“அம்மா தூங்குறாங்க. சத்தம் போடாதே.”

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தண்ணீர் தெளித்து எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ரத்த அழுத்தம், தலைசுற்றல், இனிமேலும் வரும், தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். தனியாகத்தான் விடவில்லையே! பக்கத்தில் ஒரு ஆபீசரே காவல் இருந்தாரே!

அன்றைக்கு ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. நான் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். நான் போகிற நேரத்தில் தம்பியும் சென்டருக்கு வந்துவிட்டால் அம்மா அக்கம்பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள், யார் கண்ணிலாவது படுவாள். அவன் வீட்டில் இருந்தால் அவனை விட்டு அவள் எங்கும் நகர மாட்டாள். இரண்டு பேரும் உள்ளே, கதவு சாத்தியிருக்கும். அந்தச் சென்டர் இடம் போனால் இந்த இரண்டு பேரில் ஒருவரை நான் இழந்துவிடுவேன். இரண்டு பேரையுமே இழந்தாலும் இழப்பேன்.

எங்கள் முறையும் வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று மேடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமலே.

அன்று சாயங்காலம் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“நல்லா செஞ்சா அனுப்பிடுவாங்களா? காதுல பூ சுத்தாதே. எந்த ஊர்லடி நல்லாப் படிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்துவாங்க?”

“இது பள்ளிக்கூடம் இல்லம்மா.”

“வர்றவங்க முன்னாடி என் பிள்ளை மண்டையில குத்திக்கணும், அதை நான் பாத்துட்டு நிக்கணும். அதானே சொல்றே?”

“ஆமா. அதைத்தான் சொல்றேன். நீ விழுந்ததையும் சொல்லணும்.”

“நான் எங்கடி விழுந்தேன்? கொஞ்சம் கண்ணை இருட்டுச்சு.”

“அடி கருகிப் போன பாத்திரத்தைக் கொண்டாந்து காட்டவா?”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பெத்தவளுக்கே முடியலேன்னு தெரிஞ்சா அவனை விடுதிக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க. எனக்கு அது தெரிஞ்சா போதும். நீ எனக்கு எதையும் புரிய வைக்காதே” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பென்று எதைச் சொல்வது? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் எவ்வளவு காட்டினால் எங்கே போய் நிற்கும் என்கிற கணக்கு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இத்தனை குடும்பங்களைக் கரையேற்றியவள் இல்லையா நான்!

எங்கள் அம்மாவின் சுபாவமே அதுதான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிலிருந்து, வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கூடத்து நடுவில் உட்கார வைத்துவிடுவாள். “வாங்க, நல்லா இருக்கீங்களா” என்று அவன் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அவள் முகம் அப்படியே பூரித்துப் போகும். வந்தவர்கள் எழுந்து போகிற வரைக்கும் அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பான். அவர்கள் படி இறங்கியதும்தான் வீடு ரெண்டுபடும். இந்தக் கூத்தை வெளி ஆள் யாரும் பார்த்ததே கிடையாது.

மதிப்பீட்டு நாள் காலையில் நான் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். அவன் குளிக்கப் போயிருந்தபோது அவனுடைய பேனா இரண்டையும் எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அவனுடைய நீல டம்ளரை ஒளித்துவிட்டு வேறு டம்ளரில் டீ ஊற்றினேன். கூடத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் பிறத்தியார் உட்கார்ந்தால் ஊரைக் கூட்டிவிடுவான். அதைத் துடைத்து வருகிறவருக்காக வாசலைப் பார்த்துப் போட்டேன். சொந்தத் தம்பியைக் கெடுக்க யாராவது இப்படித் திட்டம் போடுவார்களா? நான் போட்டேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயெல்லாம் ஒரு அக்காவா?” என்றாள்.

“நாளைக்கு உனக்கு மறுபடி கண்ணை இருட்டும்போது சொல்றேன், நான் யாருன்னு.”

குளித்துவிட்டு வந்தவன் சட்டைப் பையைத் தடவினான். மறுபடி தடவினான். என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கதவோரம் நிறுத்தி, காதில் என்னமோ சொன்னாள். அவன் பலமாகத் தலையை ஆட்டினான். அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது.

வந்தவர் சின்ன வயசுக்காரர். நல்ல மரியாதை. கையில் டேப்லெட், கடுமையான ஜலதோஷம், மூக்கு சிவந்திருந்தது. கைக்குட்டையும் கையுமாக, “உள்ள வரலாங்களா?” என்று கேட்டார். இப்படிப்பட்டவர் மேல் எப்படிக் கோபப்படுவது? நான் நேராக அந்த நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

தம்பி பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இப்போது, இப்போது என்று நான் காத்திருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“வாங்க,” என்றான். “நல்லா இருக்கீங்களா?”

“நான் நல்லா இருக்கேங்க. நீங்க?”

“நல்லா இருக்கேன்.”

டேப்லெட்டில் விரல் ஓடியது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் அதே பழைய பூரிப்பு.

“சட்டை நீங்களே போடுவீங்களா?”

“நானே.”

“பொத்தான்?”

“நானே.”

“குளிக்கிறது, சாப்பிடுறது?”

“நானே. நானே.”

“சார்,” என்று நான் குறுக்கே விழுந்தேன், “பழகின இடத்துல பழகின மாதிரி இருந்தாத்தான் சார் இதெல்லாம். கொஞ்சம் மாறினாலும் மண்டையில குத்திக்குவான். ரெண்டு பேர் பிடிக்கணும்.”

அவர் அவனைப் பார்த்தார். பேனா இல்லாத பை, வேறு டம்ளரில் டீ, பறிபோன நாற்காலி, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு மனிதனைப் பார்த்தார்.

“கடைசியா எப்போ அந்த மாதிரி ஆச்சுங்க?”

“போன மாசம்கூட, சென்டர்ல...”

“வீட்டுல ஒரு நாளும் கிடையாது சார்,” என்றாள் அம்மா. “தங்கம்.”

அவர் தும்மினார். கைக்குட்டையைக் கசக்கி மேசை மேல் வைத்தார். தம்பியின் கண் அதிலேயே நிலைத்தது. மெதுவாக ஒரு கையை உருவி, அந்த ஈரக் கைக்குட்டையை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்து அவர் பக்கம் நகர்த்தினான். அந்த இளைஞர் நெகிழ்ந்துவிட்டார். “தேங்க்ஸ் சார்” என்றார். என் தம்பியை ஒரு வெளி ஆள் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தக் கஷ்டத்தை எங்கே போய்ச் சொல்வேன்!

“தனியா இருக்க நேர்ந்தா? அடுப்பு மாதிரி விஷயங்கள்?”

இதோ வந்தது என்று நிமிர்ந்தேன். “பத்த வைப்பான் சார். அணைக்கத் தெரியாது. இதுவரைக்கும் ஒரு தடவைகூட அணைச்சது கிடையாது. போன மாசம் அம்மா மயங்கி விழுந்தப்போ எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தான்.”

“மயக்கமா?” என்று அவர் அம்மாவிடம் திரும்பினார்.

“எனக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கேன்,” என்று அம்மா சிரித்தாள். “இவளுக்கு எதையும் பெரிசு பண்ணிச் சொல்ற சுபாவம். அடுப்புதானே? நீங்களே வந்து பாருங்க.”

எல்லோரும் சமையலறைக்குப் போனோம். தம்பி அடுப்பைப் பற்ற வைத்தான். நீலமாக எரிந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், சென்டரில் நாங்கள் நிற்போமே, அதே மாதிரி.

“இப்போ அணைங்க பாக்கலாம்,” என்றார் வந்தவர்.

அவன் அம்மாவைப் பார்த்தான். திருகைப் பிடித்தான். திருப்பினான். அணைந்தது. குனிந்து ஒரு தடவை பார்த்தான், கீழே சிலிண்டர் வால்வையும் மூடினான்.

ஒரு வாரமாக நான் சாயங்காலம் வீடு திரும்புவதற்குள், சென்டரிலிருந்து அவன் வந்து இறங்கியதும், இந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முடியாத உடம்பை வைத்துக்கொண்டு அவள் நின்று நின்று பழக்கியிருக்கிறாள். நாங்கள் பல வருடமாக முயன்று விட்டுவிட்ட ஒன்றை ஒரே வாரத்தில் அவனுக்குள் ஏற்றிவிட்டாள். அம்மா விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பழக்கவில்லை. அவள்தான் விழவே இல்லையே!

“சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க,” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “இது நடிப்பு சார். வீட்டுக்கு ஆள் வந்தா இப்படித்தான் இருப்பான். சின்ன வயசுலேர்ந்து பழக்கி வெச்சிருக்காங்க. நீங்க போனதுக்கப்புறம் தெருமுனையில நின்னு கேளுங்க, தெரியும்!”

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “உங்க கஷ்டம் புரியுதுங்க. நீங்களும் இதே துறையில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. குடும்பத்துல இருக்கிறவங்க சில நேரம் ரொம்பப் பயந்துடுறாங்க. அந்தப் பயத்துலயே அவங்களை வளர விடாம வெச்சிடுறோம்.” இந்த வாக்கியத்தை நானே எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன்! அச்சு அசலாக இதே வாக்கியம்.

டேப்லெட்டைத் தட்டிவிட்டு எழுந்தார். அம்மாவைப் பார்த்துக் கையைக் குவித்தார். “ரொம்ப அருமையா வளர்த்திருக்கீங்கம்மா. இந்த ஏரியாவுலயே இவருக்குத்தான் கூட மார்க். இவ்வளவு திறமையானவர் எதுக்கு சென்டர்ல ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கணும்? இந்த மாசக் கடைசியோட அங்கே முடிச்சுக்கலாம். அடுத்த வாரம் ஆள் வந்து கருவியை மாட்டிடுவாங்க.”

“ரொம்ப சந்தோஷம் தம்பி,” என்றாள் அம்மா. ‘கூட மார்க்’ என்பதற்குப் பிறகு அவள் காதில் எதுவும் விழவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. நான் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக இந்த நேரம்தான் வெடிப்பான். நாற்காலி பறக்கும். பறக்கட்டும், ஓடிப்போய் அந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று கதவுப் பிடியில் கையை வைத்திருந்தேன்.

அவன் வெடிக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றான், முதுகு நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். கீழுதட்டின் உள்பக்கத்தைக் கடித்துப் பிய்த்திருந்தான். பல்லெல்லாம் ரத்தம்.

“அக்கா, நல்லாப் பண்ணேனா?”

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

“அம்மா சொன்னாங்க. சார் முன்னாடி சமத்தா இருந்தா ஆபீஸ் போலாம். கோவம் வந்துச்சு. நாற்காலி. பேனா. ரொம்பக் கோவம் வந்துச்சு. ஆபீசர் கோவப்படல.” ரத்தத்தோடு எச்சிலை விழுங்கினான். “பாஸா?”

அம்மா ஓடிவந்து முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். “பாஸ்டா ராஜா! ஊருக்கே முதல் மார்க் நீதான்!” என்று கைதட்டினாள். அவனும் தட்டினான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அந்தச் சின்னக் கூடத்தில் இரண்டு பேரும் தட்டிக்கொண்டே நின்றார்கள். இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்தபடியே சிரித்தாள்.

அவன் மட்டும் திடீரென்று நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தான்.

“அக்கா, நீ தட்டலியே?”

தட்டினேன்.